சாவியை வைத்த பிறகு

மூன்று மணிக்கு எழுந்துவிடுவதாக லிஃப்ட்காரர் காலையில் தன் தலையில் தானே கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார். இப்போது மணி மூன்று இருபத்தைந்து. எழுந்தாரா? எப்படி எழுவார்? மனுஷன் ஜெயித்துக்கொண்டல்லவா இருக்கிறார்.

இடம், பல் டாக்டருடைய கிளினிக்கின் பின்னறை. மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை பல்வலிக்காரர்களுக்கு விடுமுறை, சீட்டாட்டக்காரர்களுக்கு வேலை நாள். அலமாரியில் யார் யார் வாயிலோ அளவெடுத்த வெள்ளைப் பல்வரிசைகள் அடுக்கியிருக்கும். ஜெயித்தாலும் தோற்றாலும் அவை பாட்டுக்கு இளித்துக்கொண்டிருக்கும். பச்சைப் போர்வை விரித்த மேஜையைச் சுற்றி ஐந்து பேர். டாக்டர், கறிக்கடைக்காரர், கணக்கு டியூஷன் எடுக்கும் வாத்தியார், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மேடம், அப்புறம் ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டைப் பழுது பார்க்கும் நம்ம ஆள். போன்களை எல்லாம் முன்னறையில் ஒரு ஸ்டீல் தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டும்வரை போக்கர் ஓடும்.

கைக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. தைரியம் இருந்தால் பிளாஸ்டிக் சில்லுகளை நடுவில் தள்ளலாம், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். அன்றைக்கு லிஃப்ட்காரர் முன்னால் நாலு அடுக்குச் சில்லு நின்றது. அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே தேறும். கை ராசி அப்படி. தொட்டதெல்லாம் வந்தது.

ஆனால் நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் மகள் வந்து இறங்குகிறாள். ஒன்றேகால் வருடம் கழித்து வருகிறாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் இதே மாதிரி ஜெயித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கூத்து நடந்தது. மகளுக்கு நுழைவுத் தேர்வு. இரண்டு மணிக்கு மேல் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒரு மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்ன அப்பா, இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று உட்கார்ந்துவிட்டார். முன்னறைத் தட்டில் அவர் போன் பதினொரு தடவை அடித்தது. அவள் கடைசியில் கிடைத்த வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அன்று ஜெயித்த பணத்தில் வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. மகள் அந்த ஃப்ரிட்ஜை ஒருநாள்கூடத் திறக்கவில்லை. வெயில் கொளுத்தும்போதும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள். மூன்றாவது மாதம் வேறு ஊரில் ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அந்தத் தேர்வு நாளிலிருந்து அம்மாவிடம் மட்டும்தான் பேசுவாள்.

இன்று காலை மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்னுதான் சொன்னேன். அவதான் வேணாம்னா. அப்பா வந்து நிக்கட்டும்ங்கிறா. இறங்கும்போது நீங்க அங்க இல்லன்னா, நாலே முக்கால் பஸ்ல திரும்பிப் போயிடுவாளாம்."

"போகாம எங்க போவேன்?"

"இன்னைக்கு ஒரு நாள் ஆட்டத்துக்குப் போகாம இருங்களேன்."

நியாயமாக அவர் போகாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டைப் பிடித்தால்தான் அந்த நினைப்பு நிற்கும். "மூணு மணிக்கு எந்திரிச்சிருவேன். சத்தியமா," என்றார்.

மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "தோத்தா நீங்க டாண்ணு வந்துருவீங்க. அது எனக்குத் தெரியும். ஜெயிச்சுட்டா என்ன பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க."

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இதோ அந்தச் சாவியைத்தான் இப்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து, பச்சைப் போர்வையின் நடுவில் வைத்தார். "கடைசிச் சுற்று," என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன லிஃப்ட்டு, இவ்ளோ சீக்கிரம்? எங்களை மொட்டையடிச்சுட்டு ஓடலாம்னு பாக்குறியா?"

"ஒரு வேலை இருக்கு டாக்டர்."

மகள் வருகிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் பழைய கதை எல்லாம் மேஜைக்கு வரும். மகள் வருவது மேடத்துக்கு மட்டும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மேடம் சுவர்க்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சீட்டைக் கலைத்தார்.

சாவியை வைத்தால் எழுந்து போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. எக்ஸ்ரே கவர் ஒன்றின் பின்பக்கம் மார்க்கரில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தது. தோற்றவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஜெயித்தவர் போகவேண்டுமானால் வண்டிச் சாவியை நடுவில் வைத்துவிட்டு இன்னும் ஒரு முழுச் சுற்று, அதாவது ஐந்து கை, ஆட வேண்டும். அந்தச் சுற்றில் யாராவது போகிறவரிடம் மொத்தத்தையும் தோற்றால், தோற்றவர் மீட்டுக்கொள்ள வசதியாகச் சுற்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். இடையில் எழுந்தால் சில்லு முழுக்க மேஜைக்கே சொந்தம்.

யார் போட்ட சட்டம்? சாட்சாத் நம்ம லிஃப்ட்காரர் போட்டதுதான். கையெழுத்தும் அவருடையதே. எப்போதோ ஒரு புது ஆள் வந்து பத்தே நிமிடத்தில் அவர் பணத்தை வாரிக்கொண்டு நடையைக் கட்டினான். அந்த வயிற்றெரிச்சலில் மார்க்கரை எடுத்துவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு அரை மணி நேரம். கைக்கு ஐந்து நிமிடம் வைத்தால் மூன்று ஐம்பதுக்கு எழுந்துவிடலாம். ஐந்து கையிலும் சீட்டைக் கவிழ்த்துவிடுவது, எதையும் தொடுவதில்லை. அப்படித்தான் கணக்குப் போட்டார்.

முதல் கையில் ஒன்றுக்கும் உதவாத சீட்டு. கவிழ்த்தார். சாவியை வைத்த ஆள் பயந்துபோயிருப்பான் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், அதனால் மற்ற நால்வரும் அவரைத்தான் குறி வைத்தார்கள். இரண்டாவது கையில் இரண்டு ராணி வந்தது. கை பரபரத்தது. கறிக்கடைக்காரர் ஒரு பிடி சில்லை நடுவில் தள்ளிவிட்டு, எலும்போடு வேணுமா எலும்பில்லாமல் வேணுமா என்று கேட்கிற முகத்தோடு அவரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் ராணிகள் இரண்டையும் கவிழ்த்துத் தள்ளினார். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

"அடேயப்பா, சாமியார் ஆயிட்டாருய்யா," என்றார் கறிக்கடைக்காரர்.

மூன்றாவது கையின் நடுவில் முன்னறையில் ஒரு போன் அடித்தது. தட்டு ஸ்டீல் என்பதால் போனோடு சேர்ந்து அதுவும் அதிர்ந்தது. அது அவருடைய போன். மனைவியாகத்தான் இருக்கும். இரண்டாம் முறையும் அடித்தது. எழுந்து போய் எடுத்தால் இடையில் எழுந்ததாகக் கணக்காகிவிடும். பதினொரு தடவை அடித்தபோது எழாத ஆள் இன்றைக்கு எழத் துடிக்கிறார், எழ முடியவில்லை.

நான்காவது கையில் டாக்டர் வேண்டுமென்றே இழுத்தார். சீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். வந்து உட்கார்ந்து மறுபடியும் சீட்டைப் பார்த்தார். காலையிலிருந்து தோற்றுக்கொண்டே இருக்கிற மனுஷன், தோற்பது பெரும்பாலும் லிஃப்ட்காரரிடம். மணி மூன்று ஐம்பத்தைந்து.

"டாக்டர், கொஞ்சம் சீக்கிரம்…"

"பல்லு புடுங்கும்போது சீக்கிரம்னு யாராவது சொல்லுவாங்களா? பொறுய்யா."

லிஃப்ட்காரர் வாத்தியார் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. வாத்தியார் கண்டுகொண்டார். போன வருடம் மகனுக்குக் காய்ச்சல், போகவிடுங்கள் என்று அவர் கெஞ்சியபோது, சட்டம் சட்டம்தான் சார் என்று சொன்னது இதே லிஃப்ட்காரரின் வாய்தான்.

"சட்டம் சட்டம்தானே, லிஃப்ட்டு?" என்றார் வாத்தியார் மெதுவாக.

அடி விழவேண்டிய இடத்தில் விழுந்தது. லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்தாவது கை. மேடம் சீட்டுப் போட்டார். இந்தக் கையில் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கொஞ்சம் சில்லு போடவேண்டிய முறை லிஃப்ட்காரருக்கு. வேறு யாரும் பந்தயத்தை ஏற்றாததால் அவர் கவிழ்க்கவேண்டிய அவசியமே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே நடுச் சீட்டைப் பார்க்கலாம். தன் இரண்டு சீட்டையும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ஏழு.

மேடம் நடுவில் மூன்று சீட்டைத் திறந்தார். ஏழு. ஏழு. ராஜா.

ஒரு கட்டில் இருக்கிற நாலு ஏழும் அவருக்கே. பதினெட்டு வருட ஆட்டத்தில் இப்படி ஒன்று அவருக்கு வந்ததே இல்லை. காது அடைத்துக்கொண்டது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார். வாத்தியாரும் கறிக்கடைக்காரரும் மேடமும் கவிழ்த்துவிட்டார்கள். டாக்டர் மட்டும் ஒரு அடுக்குச் சில்லைத் தள்ளினார்.

இப்போதே கவிழ்த்திருக்க வேண்டும். நீங்களும் நானும் சொல்லிவிடலாம், சுலபம். அவர் கை தானாகப் போய் அதே அளவு சில்லைத் தள்ளிவிட்டது. நாலாவது சீட்டு, ஒரு மூன்று. டாக்டர் இன்னும் ஒரு அடுக்கு. இவரும் இன்னொரு அடுக்கு. ஐந்தாவது சீட்டு, ராணி.

டாக்டர் எதையும் எண்ணவில்லை. இரண்டு கையாலும் தன் முன்னால் இருந்தது அத்தனையையும் நடுவில் தள்ளினார். சில்லுகள் சரிந்து சாவிக்கொத்தை மூடிக்கொண்டன.

"ஆல் இன்," என்றார் டாக்டர். "வர்றியா? இல்ல வேலை இருக்கா?"

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

நடுவில் கிடக்கிற சீட்டுகளை வைத்துக்கொண்டு நாலு ஏழை வெல்ல அந்தக் கட்டில் வேறு சீட்டே கிடையாது. டாக்டரிடம் என்ன இருந்தாலும் சரி. "வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் அவருக்கு. ஆனால் அந்த வார்த்தையோடு டாக்டர் மொத்தமும் தோற்றவர் ஆகிவிடுவார். பெட்டியைத் திறந்து புதுச் சில்லு வாங்கி உட்காருவார். சுற்று முதலிலிருந்து. ஐந்து கை, இருபத்தைந்து நிமிடம். அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்போது நாலே முக்கால் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். ஜெயித்துவிட்டுப் பாதியில் எழுந்தால் கையில் ஒரு சில்லும் தங்காது. அது பரவாயில்லை, நாலு ஏழைத் திறந்து காட்டி டாக்டர் மூக்கை உடைத்துவிட்டாவது போகலாமே என்று ஒரு ஆசை. போகலாம்தான். ஆனால் அவருக்கு அவரைப் பற்றித் தெரியும். அவ்வளவு சில்லை இழுத்து முன்னால் குவித்த பிறகு இந்த உடம்பு நாற்காலியை விட்டு எழாது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எழவில்லை. பத்து நிமிடம்தானே, வண்டியைக் கொஞ்சம் விரட்டினால் போயிடலாம் என்று அதுவே அவருக்குச் சமாதானம் சொல்லும். இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அவருக்குப் பயமாக இருந்தது. டாக்டரைப் பார்த்து அல்ல, கையில் இருந்த சீட்டைப் பார்த்து. இவ்வளவு நல்ல சீட்டு வந்த அன்றைக்குத்தான் மகளைத் தொலைத்தோம் என்று ஆகிவிடுமோ?

"என்னய்யா, சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார் டாக்டர்.

லிஃப்ட்காரர் இரண்டு ஏழையும் கவிழ்த்தபடியே மேடம் பக்கம் தள்ளினார். "நான் வரல."

டாக்டர் ஒரு கணம் நம்பவில்லை. அப்புறம் மேஜை அதிரச் சிரித்தார். தன் சீட்டுகளைத் திறந்து போட்டார். ஒரு நாலு, ஒரு ஒன்பது. ஒன்றுமே இல்லை. "சும்மா பூச்சாண்டி காட்டினேன்யா! சாவியை வச்சவன் வரமாட்டான்னு தெரியும். எல்லாத்தையும் ஏத்தினேன், ஓடிட்டான் பாரு!"

கறிக்கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். வாத்தியார்கூட லேசாகச் சிரித்தார். லிஃப்ட்காரருக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. கவிழ்ந்து கிடக்கிற சீட்டு இரண்டும் கைக்கெட்டிய தூரத்தில்தான் கிடந்தன. புரட்டினால் போதும், இந்தச் சிரிப்பு அத்தனையும் அடங்கிவிடும். ஆனால் அப்புறம் ஏன் கவிழ்த்தாய், எப்படிக் கவிழ்த்தாய் என்று கேள்வி வரும், பேச்சு வரும், உட்காரு உட்காரு என்று கையைப் பிடிப்பார்கள். அவர் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் கொண்டுபோய் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் சீட்டுகளைச் சேர்த்து எடுத்தார். எடுக்கும்போது அந்த இரண்டு சீட்டின் ஓரம் அவர் விரலில் தூக்கிக்கொண்டது. பார்க்கக்கூடாதுதான். பார்த்துவிட்டார். கை அப்படியே நின்றது. லிஃப்ட்காரரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அந்த இரண்டையும் கட்டுக்கு நடுவில் செருகிக் கலைத்துவிட்டு, சில்லுக் குவியலுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார்.

"கிளம்புங்க அண்ணே," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "டாக்டர், சிரிச்சது போதும். அண்ணனுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்க. சுற்று முடிஞ்சுது."

இரண்டு அடுக்குச் சில்லுக்கான பணம் கைக்கு வந்தது. எண்ணாமல் பையில் திணித்துக்கொண்டு, தட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவர் சர்வீஸ் செய்வதுதான். அதனாலேயே அதை நம்பாமல் படியில் இறங்கினார்.

மணி நாலு மூன்று. வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பியது. முதல் சிக்னல் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. ஹெல்மெட்டுக்குள் தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினார். மூன்று மணிக்கே சாவியை வைத்திருந்தால் இந்த ஓட்டம் ஏது? மூன்றைந்துக்கு ஒரு பெரிய கை விழுந்தது, அதில் கிறங்கி இருபது நிமிடத்தைத் தின்றாயே, உருப்படுவாயா நீ? மேம்பாலத்தில் ஒரு லாரி நகராமல் நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், கண்ணாடி ஒன்று உரசி மடங்க, வண்டியை நுழைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது நாலு முப்பத்திரண்டு. பஸ் வந்து, ஆட்கள் இறங்கி, டிரைவர்கூட இறங்கிப் போயிருந்தார். காலி சீட்டுகளை ஒரு ஆள் பெருக்கிக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சில் இல்லை. கடையில் இல்லை. வாசலில் இல்லை.

டிக்கெட் கவுன்ட்டர் வரிசையில் நின்றாள். தோளில் பெரிய பை, கையில் மடித்த பணம். அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முதுகைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடி வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் திரும்பினாள். மூச்சிரைக்க, சட்டை நனைந்து, ஹெல்மெட்டோடு நிற்கிற அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"தோத்துட்டியாப்பா?" என்று கேட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. நேரத்துக்கு வந்திருக்கிறார் என்றால் தோற்றிருக்க வேண்டும். அவள் அறிந்த அப்பா அவ்வளவுதான். அவர் பாக்கெட்டில் பணம் இருந்தது, எடுத்துக் காட்டலாம். நாலு ஏழைப் பற்றிச் சொல்லலாம். உனக்காக எதை விட்டுவிட்டு வந்தேன் தெரியுமா என்று கேட்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது.

"இல்லம்மா," என்றார். "ஜெயிச்சுட்டு இருந்தேன்."

அவள் புருவம் சுருங்கியது. பொய்யா என்று கண்ணுக்குள் தேடினாள். முன்னால் நின்றவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு விலகினார். இப்போது ஒருவர்தான் மிச்சம்.

"அப்புறம் எப்படி வந்த?"

"எந்திரிச்சு வந்துட்டேன்."

கவுன்ட்டரில் இருந்தவர் "அடுத்து" என்றார். கடைசி ஆளும் நகர்ந்தார். மகள் கவுன்ட்டரைப் பார்த்தாள், கையில் இருந்த பணத்தைப் பார்த்தாள். பிறகு அதை மடித்துப் பையின் வெளிப்பக்கத்தில் செருகிவிட்டு வரிசையிலிருந்து ஒரு எட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் அந்த இடத்துக்கு நகர்ந்துகொண்டார்.

"பை கனமா இருக்கு," என்றாள். "பிடி."